பெரியப்பாவாகிப் போன என் நூறாவது பறவை

பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டம்,
மாசி மாதம்.
(வருஷம் போடப் பயமாக இருக்கிறது. ஜப்பான்காரன் 2604 என்கிறான், புதிதாக வந்த சயாம்காரன் 2487 என்கிறான், அப்பா சுபானு என்கிறார். யாருக்கும் கோபம் வராத வருஷமாகப் பார்த்துத் தாங்களே போட்டுக்கொள்ளவும்.)

பாலிங் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் நடத்திவரும், மதிப்பிலும் எடையிலும் குறையாத தாய்மாமன் சீனிவாசகம் அவர்களுக்கு, தங்கள் அக்காள் தங்கமணியின் ஒரே மகன் அழகேசன் எட்டு அங்கமும் தரையில் பட விழுந்து வணங்கி, விழுந்த இடத்திலிருந்தே எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, பெரியம்மா, நான் எல்லோரும் மரவள்ளிக் கிழங்கின் கருணையால் உயிரோடிருக்கிறோம். கிழங்கு தின்று தின்று பதினைந்து வயதிலேயே நான் கிழமாகிவிட்டேன் என்பது தவிர வேறு விசேஷம் இல்லை. அங்கே தாங்களும் புஷ்பவள்ளி அத்தையும் சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. சௌக்கியமாக இல்லாத மனிதர் எனக்கு அப்படி ஒரு பதில் எழுதியிருக்க முடியாது.

மாமா, எனக்கு இழைக்கப்பட்டிருப்பது அநியாயம். கெடா என்று இந்தச் சீமைக்குப் பேர் வைத்தவன் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் வைத்திருக்க வேண்டும். இப்போது கெடாதது என்று இங்கே ஒன்றுமில்லை, தங்கள் நியாய புத்தி உட்பட. எந்தக் கடிதம் வந்தாலும் கடையில் நிற்பவர்கள் காதில் விழும்படி சத்தமாகப் படிப்பது தங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். லாரி நடராஜா அண்ணன் கொண்டுவரும் இந்தக் கடிதத்தையும் அப்படியே படியுங்கள். ஒரு எழுத்தையும் விழுங்காதீர்கள். உப்பு வாங்க வந்தவர், சும்மா நிற்க வந்தவர் எல்லோரும் கேட்டு, யார் பக்கம் நியாயம் என்று சொல்லட்டும்.

அவர்களுக்கு விளங்கவேண்டுமே என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் தோட்டத்துச் சின்ன துரைக்கு ஒரு வியாதி இருந்தது. பறவை பார்ப்பார். ஒரு சாதிப் பறவையை ஆயுளில் முதல் முறை பார்த்தால் பேரைப் பட்டியலில் எழுதுவார். இரண்டாம் முறை பார்த்தால் சும்மா பார்ப்பார். சுடுவது கிடையாது, பிடிப்பது கிடையாது, தின்பது கிடையவே கிடையாது. பட்டியல் நீள நீள அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்றால், வைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். அவருடைய பையைத் தூக்கிப் போன எனக்கும், பிஸ்கட் டின்னோடு எங்கள் வீட்டுக்கு வந்துபோன தங்களுக்கும் அந்த வியாதி தொற்றியது. ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார். பங்களா தாழ்வாரத்தில் கிடந்த அவருடைய படம் போட்ட பறவைப் புத்தகத்தைத் தாங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து மரியாதையாக இழுத்தோம். கரையான் முன்பே பாதி வேலையை முடித்திருந்ததால் அது இரண்டாக வந்தது. கழுகு, கொக்கு, இருவாய்ச்சி என்று பெரிய பறவைகள் இருந்த பாதி தங்களுக்கு. சிட்டும் குருவியும் இருந்த பாதி எனக்கு. வயதுக்கேற்ற பங்கு என்றீர்கள். யார் பட்டியல் முதலில் நூறைத் தொடுகிறதோ அவருக்கே இரண்டு பாதியும் என்று பேச்சு.

நான் தொண்ணூற்றொன்பதில் நிற்கிறேன். தாங்களும் அதிலேயே நிற்கிறீர்கள். நான் நூறைத் தொட்டேன். தாங்கள் செல்லாது என்கிறீர்கள். வழக்கு இவ்வளவுதான்.

செல்லாது என்பதற்குத் தாங்கள் காட்டும் சட்டத்தின் கதையையும் சபையில் வைத்துவிடுகிறேன். சென்ற வருஷம் நான் ஒரு சேவலின் வால் சிறகை ஆபீஸ் நீல மையில் தோய்த்து அனுப்பி, 'நீலவால் காட்டுராஜா' என்று ஒரு பறவையைக் கண்டதாக எழுதினேன். தாங்கள் கடையை அத்தையிடம் விட்டுவிட்டு அந்த ராஜாவைத் தேடிப் பாலிங் மலையெல்லாம் ஏறி, அட்டை கடித்து, முட்டி வீங்கித் திரும்பினீர்கள். அது விளையாட்டு. விளையாட்டைப் பெரியவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். தாங்களோ, பெரியவர்கள் இருவர் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்லாமல் அழகேசன் பார்த்த எந்தப் பறவையும் இனிமேல் பறவையாகாது என்று சட்டம் போட்டீர்கள். ஜப்பான்காரன்கூட என் பேச்சை இதைவிட அதிகமாக நம்புகிறான்.

இனிமேல்தான் விஷயம். போன வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அய்யாவு பெரியப்பாவுக்காகத் தை அமாவாசையன்று படையல் போட்டோம். அரிசி முகத்தைப் பார்த்து யுகமாகிறது. ஆகையால் மருதம்மாள் பெரியம்மா கிழங்கைத் துருவி அவித்து உருண்டை பிடித்தார். கறிக்குப் பதிலாகக் கொல்லைப் பப்பாளிப் பழத்தை அரிந்து வைத்தார். அப்பா இலையைச் சமையல்கட்டுத் தகரக் கூரைமேல் வைத்து, கா கா என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். ஒரு காக்கை வந்தது. கிழங்கு உருண்டையை மூக்கால் புரட்டிப் பார்த்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. எழுந்து நேராக ஜப்பான்காரன் சமையல் கொட்டகைக்குப் பறந்துவிட்டது. அங்கே அரிசிச் சோறு. ஆட்சி மாறியதும் முன்னோர்களும் கட்சி மாறிவிட்டார்கள் என்று நான் சொன்னதற்கு அப்பா என் தலையில் குட்டினார். காக்கை தொடாமல் பெரியம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு பசியோடு நின்றோம்.

அப்போது ரயில் இஞ்சின் மூச்சு வாங்குவது போலத் தலைக்கு மேலே ஒரு சத்தம். கூரையில் தொப்பென்று வந்து இறங்கியது இருவாய்ச்சி. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கை அடுக்கி வைத்தது போல மஞ்சள் அலகு. எந்தப் பறவைக்காக நான் ஆற்றங்கரையில் கொசுவுக்கு ரத்தம் ஊற்றிக்கொண்டு கிடந்தேனோ, அந்தப் பறவை எங்கள் வீட்டுத் தகரத்தில். அது பக்கவாட்டில் தத்தித் தத்தி வந்து, கிழங்கைத் தள்ளிவிட்டு, பப்பாளித் துண்டுகளை ஒவ்வொன்றாக அலகில் அடக்கிக்கொண்டு பறந்துவிட்டது.

"அவருதான்," என்றார் பெரியம்மா.

அவ்வளவுதான், முடிந்தது என் நூறு. மூக்கைப் பார் என்றார் அம்மா. பெரியப்பாவின் மூக்கு தங்களுக்குத் தெரியும். அவர் வாசலுக்கு வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். கோயில் கமிட்டிக்குப் போகும்போது வெள்ளை வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டுப் போடுவாரே, அதே கோலம் என்றார் அப்பா. கட்டை விழுந்து கால் நொண்டிய பிறகு பக்கவாட்டில்தானே நடந்தார், கிழங்கைச் செத்தாலும் தொட மாட்டேன் என்றாரே, செத்தும் தொடவில்லை பார் என்று பெரியம்மா அழுதார். அந்த நேரம் பார்த்து நான் காகிதத்தை நீட்டி, இருவாய்ச்சியைப் பார்த்ததாகக் கையெழுத்துக் கேட்டேன். கேட்ட நேரம் சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறவையைப் பார்த்தவுடன் எழுதவேண்டும் என்பது சட்டம்.

"உங்க பெரியப்பாவ நீ பட்டியல்ல எழுதுவியா? கோழி கொக்குக்கு அடுத்ததாவா?" என்றார் அப்பா.

அப்பா தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்த்தவர். பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டார். நான் சாப்பிடாமல் முரண்டு பிடித்து (சாப்பிட ஒன்றும் இல்லாத வீட்டில் இது பெரிய ஆயுதம் அல்ல) கடைசியில் வாங்கிய சாட்சிக் காகிதம்தான் தங்களுக்கு வந்தது. 'தை அமாவாசை காலையில் அய்யாவு தகரக் கூரைமேல் வந்து பப்பாளி எடுத்துப் போனதை நாங்கள் கண்ணால் கண்டோம்.' அப்பா கையெழுத்து, அம்மா கையெழுத்து. பேர்தானே மாறியிருக்கிறது, பார்த்தது பார்த்ததுதானே? அதோடு நான் நேர்மையாக, அந்தப் பறவை தினமும் காலையில் வருவதையும், பெரியம்மா தினமும் பப்பாளி வைப்பதையும், நான் பின்தொடர்ந்து ஆள் உயர லாலாங் புல் காட்டைத் தாண்டி ஓடி, ஆற்றோரத் துரியான் மரத்தின் வெடிப்பில் அது பழத்தைத் திணிப்பதைக் கண்டதையும், அது பழத்தைப் பதுக்குகிறது போலும் என்பதையும் விவரமாக எழுதினேன்.

தங்கள் பதில் வந்தது. 'அய்யாவு மச்சானை நான் முன்பே பல தடவை பார்த்திருக்கிறேன். என் பட்டியலில் அவரைச் சேர்க்கவில்லை. நீயும் சேர்க்கக் கூடாது.' இதை எழுதிவிட்டுத் தாங்கள் சிரித்த சிரிப்பு, மழையில் நனைந்து வந்த காகிதத்திலும் காயாமல் இருந்தது. சரி, அது போகட்டும். கீழே என்னைச் சீண்டுவதற்கென்று தங்கள் பாதிப் புத்தகத்திலிருந்து நாலு வரி எழுதியிருந்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெட்டை இருவாய்ச்சி மரப்பொந்துக்குள் புகுந்து மண்ணால் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். ஒரு கீற்று இடைவெளிதான் மிச்சமாம். முட்டை பொரித்துக் குஞ்சு வளரும்வரை ஆண்தான் வெளியிலிருந்து ஊட்டவேண்டுமாம். அது வராவிட்டால் உள்ளே எல்லாம் பட்டினியாம். இது தங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எனக்கு முன்பே சொல்லியிருக்கலாமா கூடாதா? புத்தகத்தைத்தான் பாதியாகக் கிழித்தோம், அறிவையுமா கிழித்து வைத்துக்கொள்வது?

எனக்கு வந்த ஆத்திரத்தில், இது பறவைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று, அந்த நாலு வரியைக் குழாயடியில் நின்று லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுவதும் கேட்கும்படி படித்தேன். பெரியம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"யாருடா அவ?"

எவள் பெரியம்மா என்றேன். "பொந்துக்குள்ள இருக்கறவ," என்றார். "எனக்கு ஒரு நாளு ஒரு வாய் ஊட்டிவிட்டிருப்பாரா அந்த மனுசன்? காச்சல்ல கெடந்தப்பகூட, கஞ்சி அடுப்புல இருக்கு எடுத்துக் குடிடின்னவரு. நான் அரிஞ்சு வச்ச பப்பாளிய தூக்கிக்கிட்டுப் போயி அவளுக்கு ஊட்டுறாராமே." மாமா, நான் பறவை என்று நிரூபிக்கப் படித்தேன், சின்ன வீடு என்று நிரூபணமாகிவிட்டது. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லாலாங் காட்டுக்குள் இறங்கினார். பின்னாலேயே லயம் இறங்கியது. துரியான் மரத்தடியில் நின்று அண்ணாந்து அவர் பேசிய பேச்சைத் தாங்கள் சத்தமாகப் படிக்கும் கடிதத்தில் எழுத முடியாது. கடைசியில், வெடிப்பிலிருந்து அலகின் நுனி எட்டிப் பார்த்ததும், "மூக்கப் பாரு, அவருக்கு ஏத்த மூக்குதான்," என்று சொல்லிவிட்டு, அங்கேயே புருஷனைத் தலைமுழுகினார். அது என் புருஷன் இல்லை, வெறும் பறவை, எங்கே கைநாட்டு வைக்கவேண்டும் சொல்லு, நாளைக்கே வைக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அதுமட்டுமல்ல. அடுத்த வீட்டு இருளப்பன் அண்ணன் என் பக்கத்தில் நின்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பறவை என்றாலே உண்டிவில்லோடுதான் பார்ப்பவர். என் பட்டியலும் அவர் வீட்டுக் குழம்பும் இதுவரை ஒன்றாகத்தான் வளர்ந்து வந்திருக்கின்றன. இன்று அவருக்கே ஞானம் வந்துவிட்டது. மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மெதுவாக, பயபக்தியோடு கேட்டார்.

"தம்பி, அப்ப இது நெசமாவே வெறும் பறவதானா?"

சத்தியமாகப் பறவைதான் அண்ணே என்றேன். பெட்டை உள்ளேதான் இருக்கிறதா என்றார். உள்ளேதான், வாசலை அடைத்துக்கொண்டதால் வெளியே வர முடியாது என்றேன். குஞ்சும் இருக்குமா, ஆண் தினம் உங்கள் கூரைக்கு வருமா என்று துருவித் துருவிக் கேட்டார். துரைக்குப் பிறகு ஒரு மனிதர் பறவையைப் பற்றி என்னிடம் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. நூறாவது பறவைக்கு இரண்டாவது சாட்சியாக அவரே கைநாட்டு வைக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். என் முதல் சீடர்.

ஆகவே மாமா, நாளைக் காலையில் இரண்டு கைநாட்டும் விழுந்ததும் அந்தக் காகிதத்தை இத்தோடு இணைத்து அனுப்புகிறேன். அது பெரியப்பா அல்ல, பறவை, வெறும் பறவை, பறவையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதைத் தாங்களும் பாலிங் கடைத்தெருவில் உரக்கச் சொல்லி, தங்கள் பாதிப் புத்தகத்தை நடராஜா அண்ணனிடமே கொடுத்தனுப்ப வேண்டியது. அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் கடையில் எலியும் ஈயும் குறைந்து, சரக்கும் சனமும் பெருகி, பாலிங்கில் பாலும் கிடைக்கத் தண்டுமாரியம்மன் அருள் புரியட்டும். தங்கள் புத்தியையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

நியாயத்துக்குப் பணிந்த, தங்களுக்கு அல்லாத,
மருமகன்
அழகேசன்

பின்குறிப்பு: மறுநாள் எழுதுகிறேன். மேலே உள்ளது எதையும் சத்தமாகப் படிக்காதீர்கள். படித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். வேறு தாளில் எழுதலாம் என்றால், இந்த ஆபீஸ் தாளின் பின்பக்கத்தைத் தவிர வீட்டில் காகிதம் கிடையாது. மேலே எழுதியதை அடிக்கலாம் என்றால், அவ்வளவு மையும் கிடையாது.

காலையில் பெரியம்மா கைநாட்டு வைத்தார். கோபத்தில் பப்பாளி வைக்கவில்லை. இருவாய்ச்சி வழக்கம் போல வந்தது. கூரையில் ஒன்றும் இல்லை. அது தகரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தத்தித் தத்திப் போய்த் தேடியது. இருளப்பன் அண்ணன் வந்தார். கைநாட்டு வைக்கத்தான் வருகிறார் என்று நான் மையைத் தயாராகக் குழைத்து வைத்திருந்தேன். அவர் கையில் உண்டிவில் இருந்தது. தோளில் மூங்கில் ஏணி. ஏணி எதற்கு என்றேன். இவரை இங்கே முடித்துவிட்டு மற்றவர்களை மரத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம், வெளியேதான் வர முடியாதே என்று நான் சொன்னதையே எனக்குச் சொன்னார். பிறகு, "எவ்வளவு கறி தேறும் தம்பி?" என்றார். அவருடைய நாலு பிள்ளைகளும் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, சட்டியோடு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் அவரை என்னால் திட்டவும் முடியவில்லை.

மாமா, ஒரு கையில் நூறு இருந்தது. பெரியம்மாவின் கட்டைவிரல் மை அதில் இன்னும் காயவில்லை. அண்ணன் ரப்பரைக் காதுவரை இழுத்துவிட்டார். தங்கள் புத்தகத்தின் நாலாவது வரி, உள்ளே எல்லாம் பட்டினி என்பது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முற்றத்து மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். பெரியப்பா, தெரியாமல் பறவை என்று சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள், இனிமேல் உங்களை எந்தப் பட்டியலிலும் எழுத மாட்டேன் என்று கூரையைப் பார்த்துக் கதறினேன். அது கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பெரியப்பா திட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பார். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன் ரப்பரைத் தளர்த்தினார்.

பெரியம்மா கதவடியில் நின்றுகொண்டிருந்தார்.

"அவளுக்குப் புள்ள இருக்கா?" என்றார்.

இருக்கும் பெரியம்மா, இவர் போகாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்றேன். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். உள்ளே போனார். ஒரு முழுப் பப்பாளியையும் அரிந்து எடுத்துவந்து கூரையில் வைத்தார். "கொண்டுபோங்க. அவளுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன்," என்றார் அதனிடம். வரும் வழியில் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி அடுப்பில் செருகிவிட்டார். நூறாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். புத்தகத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கவேண்டாம். சேவல் சிறகுக் கதை இருளப்பன் அண்ணனுக்கும் தெரியும். "தம்பி, நீ வெளையாட்டுப் புள்ள. நேத்து பறவன்ன, இன்னிக்குப் பெரியப்பான்ற," என்றார். "பாலிங் மொதலாளி படிச்சவரு. அவருகிட்டயே ஒரு வார்த்த கேட்டுடறேன்," என்று நடராஜா அண்ணன் லாரியில் தாமும் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கடிதத்தையும் தாமே கொடுப்பதாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது தங்கள் முன்னால் நின்று தங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

அது யார் என்று கேட்பார். தாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மச்சான் அய்யாவு என்று சொல்லவேண்டும். ஒருவேளை பழக்க தோஷத்தில் மேலே உள்ளதையெல்லாம் ஏற்கனவே சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டீர்கள் என்றால், கடிதத்தை மடியுங்கள். அவரைப் பார்த்துச் சிரியுங்கள். என் அக்காள் மகன் பிறவிப் புளுகன், சேவலுக்கு மை தடவி என்னையே மலையேற வைத்தவன், அவன் பேச்சில் ஒன்றையும் நம்பாதே என்று சொல்லுங்கள். கடையில் நிற்கும் அத்தனை பேரும் கேட்கச் சொல்லுங்கள். என்னைப் புளுகன் என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் தங்களுக்கு வாய்க்காது.

அவரை வெறுங்கையோடு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். சட்டி இன்னும் எங்கள் வாசலில்தான் இருக்கிறது. ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்புங்கள். கருவாடு யாருக்கும் பெரியப்பா இல்லை.